பொரித்த துத்தம்

"டப்பாவுலதான் போட்டேன்னு சொல்றேனே..."

"எந்த டப்பாவுல? அதைத்தானே நான் கேக்கறேன்..."

"மூடி போட்ட டப்பாடி!"

"மூடி போடாத டப்பா நம்ம வீட்டுல எது இருக்குது? உங்க வாய் ஒண்ணுதான் இருக்குது!"

"நீ பேசிக்கிட்டே இருந்தா எனக்கு எப்படி நெனப்பு வரும்?"

"சரி, நான் வாயை மூடிக்கறேன். ம், நெனைங்க."

தசரதன் கண்ணை மூடி நினைத்தார். ரேணுகாம்பாள் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். அடுப்பங்கரை அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் மேலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதி ஒட்டுவானேன்? எதில் உப்பு, எதில் சர்க்கரை என்பது ரேணுகாம்பாளின் கைக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் அந்த அலமாரிப் பக்கம் தசரதன் வரும்வரை தெரிந்திருந்தது.

"வரலை," என்றார் தசரதன் கண்ணைத் திறந்து.

விஷயம் இதுதான். பசுவுக்குக் கால் குளம்பில் புண். மயில்துத்தத்தைப் பொரித்துப் பொடி செய்து, வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டால் புழு செத்துப் புண் ஆறும் என்று மாட்டைப் பார்த்துக்கொள்ளும் மண்ணாங்கட்டி சொன்னான். தசரதனும் துத்தம் வாங்கிவந்து, ஓட்டாஞ்சில்லில் போட்டு, அடுப்பில் வைத்தார். மயில் கழுத்து மாதிரி பளபளவென்று இருந்த நீலக் கட்டி, சூடு ஏற ஏறப் புஸ்ஸென்று பொரிந்து வெளுத்துப்போயிற்று. இடித்தால் மாவு. அதை ஏதோ ஒரு டப்பாவில் போட்டு மூடினார். அத்தோடு மறந்தார்.

"நீலமா இருந்தா ஒரு பார்வையில எடுத்துடுவேன். இந்த மனுஷன் அதை வெள்ளையாக்கி, வெள்ளையோட வெள்ளையாக் கலந்து வெச்சிருக்காரு. வயித்துல போனா குடலே வெளிய வந்துடுமாமே!"

"அதான் கலக்கலைன்னு சொல்றேனே. தனி டப்பா."

"எந்தத் தனி டப்பா?"

"மூடி போட்ட..."

"ஆரம்பிக்காதீங்க!"

வேறு நாளாக இருந்தால் அடுப்பு மூட்டாமல் ஒரு வேளை பட்டினி கிடந்து தேடியிருக்கலாம். இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம் குடும்பம். நிலம் நீச்சு உள்ள இடம். பையன் தருமன் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாமன் வைத்திருக்கும் உரக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். குடி இல்லை, பீடி இல்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் தசரதனின் அக்கா ராணியம்மாள் மறுநாளே தாம்பாளத்தோடு வந்து நிற்பாள், தன் பிள்ளை வேடியப்பனுக்குப் பெண் கேட்டு. வேடியப்பனுக்குச் சீட்டுக்கட்டைத் தவிர வேறு உலகம் தெரியாது. அக்கா வாயைத் திறந்தால் தசரதன் தலையைத்தான் ஆட்டுவார்.

ஆதிமூலத்திடமும் ஒரே ஒரு கோணல் உண்டு. சாமி உத்தரவு கொடுத்தால்தான் எதற்கும் சரி என்பார். பெண் வீட்டில் போய் உட்கார்ந்து, மனசுக்குள் கேட்பார். பல்லி கத்தினாலோ, சாமி படத்திலிருந்து பூ விழுந்தாலோ உத்தரவு. ஒன்றும் நடக்காவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வேங்கிக்காலில் ஒரு வீட்டில் ஜாதகம் பொருந்தி, நகை பேசி, தட்டு மாற்றுகிற நேரத்தில், "சாமி பேசலையே" என்று எழுந்து வந்தவர்.

"உத்தரவாவது கிடைக்குமோ கிடைக்காதோ, அவங்களுக்கு ஒரு வாய் கேசரியாவது குடுக்கணுமில்ல? எந்த ரவையை நம்பிக் கிண்டறது?" ரேணுகாம்பாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

கூடத்திலிருந்து மகள் சந்திரகலா எட்டிப் பார்த்தாள். தலையில் துண்டு. காலேஜில் கெமிஸ்ட்ரி கடைசி வருஷம்.

"ஏம்மா, இதுக்கா இவ்ளோ சண்டை? அப்பா பொரிச்சதுல துத்தத்துக்குள்ள இருந்த தண்ணிதான் போயிருக்குது. ஒரு சொட்டுத் தண்ணி பட்டா மறுபடி நீலமாயிடும். ஒவ்வொரு டப்பாவுலயும் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணி விட்டுப் பாருங்க. எது நீலமாகுதோ அது."

"துத்தத்துக்குள்ள தண்ணியா? கல்லு மாதிரி இருந்துச்சேடி?"

"கல்லுக்குள்ளதாம்மா."

"தண்ணி வெள்ளை. வெள்ளைத் தண்ணி போனா நீலம் போயிடுது, வெள்ளைத் தண்ணி வந்தா நீலம் வந்துடுதா? இதுக்குத்தான் மூணு வருஷமா பஸ் ஏறிப் போறியா நீ?"

"நீங்க பார்த்தாத்தானே தெரியும்," என்று சிரித்தாள் சந்திரகலா. பிறகு, போகிற போக்கில் கேட்கிற மாதிரி, "அவங்கப்பா மலை சுத்திட்டு நேரா இங்கதான் வர்றாராம்மா?" என்றாள்.

"ஆமாம். வெறுங்காலோட சுத்திட்டு வர்றாராம். உனக்கெதுக்கு அது?"

"பாவம், வேர்த்து ஊத்திக்கிட்டு வருவாரேன்னு கேட்டேன்."

மாமனாராக வரப்போகிறவர்மேல் இப்போதே இவ்வளவு கரிசனமா என்று ரேணுகாம்பாள் ஒரு கணம் குளிர்ந்துபோனாள்.

அதற்குள் தசரதன் சொம்பில் தண்ணீரோடு அலமாரி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் மணிலாக்கொட்டை மண்டியில் எடை போடுகிறவர். மேலே நல்ல கொட்டையைப் பரப்பி, அடியில் சொத்தையைக் கட்டிக்கொண்டு வருகிற மூட்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பழுத்தவர். சிட்டிகையை நம்புகிற ஆளில்லை.

"மேல ஒண்ணு இருக்கும், அடியில ஒண்ணு இருக்கும்," என்று சர்க்கரை டப்பாவில் அரைச் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"ஐயோ! என்னாங்க பண்றீங்க!"

"சக்கரை சுத்தம். நீலம் இல்லை."

"சக்கரையே இல்லைங்க, பாகு இருக்குது!"

அவள் தடுக்கத் தடுக்க ரவையிலும் ஊற்றினார். ரவை சுத்தம். உப்பில் ஊற்றினார். உப்பும் சுத்தம். மைதா, அரிசி மாவு, ஆப்ப சோடா, வாசல் கோலமாவு எல்லாம் சுத்தம். எல்லாம் கூழ்.

"ஒண்ணுலயும் இல்லையேடி," என்றார் தசரதன். துத்தம் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறாரா, வீட்டில் எல்லாமே சுத்தமாக இருக்கிறது என்று பெருமைப்படுகிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

கடைசியாகப் பல்பொடி. மாடத்திலிருந்து எடுத்துவந்து, சொம்பு காலியாகிவிட்டதால் தோய்க்கிற கல்லின்மேல் கிடந்த டம்ளரில் தண்ணீர் பிடித்து ஊற்றினார்.

பல்பொடி நீலமாயிற்று.

"கெடச்சிடுச்சு!" என்று கத்தினார். அடுத்த மூச்சில் வாயைப் பொத்திக்கொண்டார். "ரேணு... நான் காலையில இதுலதான் பல்லு வெளக்கினேன்."

"ஐயையோ!"

"அழுத்தித் தேய்ச்சேண்டி. நாக்கெல்லாம் வழிச்சேன்."

"வயித்தைப் பெரட்டுதா?"

"இதுவரைக்கும் பெரட்டலை. நீ கேட்டதும் பெரட்டுது."

கிணற்றடிக்கு ஓடி, ஓவென்று ஓங்கரித்தார். ரேணுகாம்பாள் முதுகைத் தடவிக்கொண்டே அண்ணாமலையாருக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். அவருடைய மொட்டையைத்தான்.

சந்திரகலா நிதானமாக வந்து டம்ளரை எடுத்து முகர்ந்தாள். "அப்பா, வேட்டிக்குச் சொட்டு நீலம் கரைச்ச டம்ளர் இது. கழுவாம தண்ணி பிடிச்சிருக்கீங்க. பல்பொடி பல்பொடிதான்."

தசரதன் ஓங்கரிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "அப்ப நான் சாகலையா?"

"இல்லப்பா."

"அப்ப துத்தம் எங்க?"

யாருக்குத் தெரியும்? மண்ணாங்கட்டியைக் கேட்கலாமென்றால் அவன் விடியற்காலையில் பாலைக் கறந்து வைத்துவிட்டுப் புல்லறுக்கப் போயிருந்தான். சொல்லாத பொருளைத் தொடாதவன். அவனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

ரேணுகாம்பாளின் கண் கூடத்துச் சாமி மாடத்துக்குப் போயிற்று. விபூதிச் சம்புடம். அதுவும் வெள்ளைதான்.

"அதையும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துடலாமா?"

"அம்மா! சாமி சாமான். அதுல போய்த் தண்ணி ஊத்துவாங்களா? நேத்துதான் கோயில்ல இருந்து புதுசா வாங்கிட்டு வந்து நிரப்பி வெச்சேன்."

"தப்பு, தப்பு!" ரேணுகாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இனி ஒரே வழி. "ஓட்டல்ல கேசரி இருக்கும். ஓடிப்போய் வாங்கிட்டு வாங்க. திரும்பிப் பார்க்காம வாங்க," என்று தூக்குவாளியைக் கையில் திணித்துக் கணவனை அனுப்பினாள்.

போனவர் சொன்னபடியே சீக்கிரம் திரும்பினார். பின்னால் ஆதிமூலம், அவர் மனைவி கன்னியம்மாள், தருமன்.

"வாங்க, வாங்க," என்று வரவேற்றுவிட்டு, ரேணுகாம்பாள் கணவனை அடுப்பங்கரைக்கு இழுத்தாள். தூக்குவாளி காலி. "கேசரி எங்கங்க?"

"தெருமுனையில இவங்களைப் பார்த்துட்டேன். அப்படியே பேசிக்கிட்டே கூட்டிட்டு வந்துட்டேன். நீதானே திரும்பிப் பார்க்காம வரச் சொன்ன?"

ரேணுகாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு யோசித்தாள். சந்தேகமெல்லாம் வெள்ளைமேல்தான். வெள்ளையில்லாததைக் கொடுத்தால்? வெல்லம் பழுப்பு. வாழைப்பழம் மஞ்சள். வறுத்த வேர்க்கடலை சிவப்பு. வெல்லம் போட்டுக் காபி கலந்தாள்.

"பாலு வெள்ளையாச்சேடி?" என்று காதோடு கேட்டார் தசரதன்.

"மாட்டுக்குள்ள நீங்க எதுவும் போட்டு மூடலையே?"

கூடத்தில் ஆதிமூலம் துண்டால் கழுத்தைத் துடைத்தபடி மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். கட்டையான உடம்பு. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"வெல்லக் காபியா?"

கன்னியம்மாள் கணவனைப் பார்த்தாள், பிறகு ரேணுகாம்பாளைப் பார்த்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல யாருக்காவது சக்கரை வியாதியா? பொண்ணுக்கு...?"

"ஐயோ, இல்லைங்க! அது வந்து..." ரேணுகாம்பாள் இழுத்தாள். "வேண்டுதலுங்க. சக்கரை சேர்க்கறதில்லைன்னு."

ஆதிமூலத்தின் முதுகு நிமிர்ந்தது. "அப்படியா? எந்த சாமிக்கு?"

"அண்ணாமலையாருக்குத்தான்."

"பரவாயில்லையே. கொஞ்சம் மோர் இருந்தா குடுங்கம்மா. வெயில் ஜாஸ்தி."

மோர் வந்தது. குடித்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார். "உப்பு கம்மியா இருக்கே?"

"கம்மி இல்லைங்க," என்றார் தசரதன். "உப்பே இல்லை."

"உப்பும் வேண்டுதல்," என்றாள் ரேணுகாம்பாள் அவசரமாக.

"சக்கரையும் இல்லாம, உப்பும் இல்லாமயா?" கன்னியம்மாளுக்கு மயக்கமே வந்துவிடும் போலிருந்தது. "ஏம்மா, எங்க பையன் உப்புப் போட்டுச் சாப்பிடறவன்."

தருமன் தலையைக் குனிந்தபடி, "நான் அனுசரிச்சுக்குவேம்மா," என்றான். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். நல்ல பிள்ளை, பெண்ணின் முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் அனுசரிக்கிறானே என்று நினைத்தாள் ரேணுகாம்பாள்.

"எல்லாம் இருக்கட்டும்," என்றார் ஆதிமூலம். "வேர்வையில நெத்தி காலியாயிடுச்சு. விபூதி கொண்டாங்க. உத்தரவு கேட்டுடறேன்."

சந்திரகலா பட்டுப்புடவையில் தலை குனிந்து சம்புடத்தோடு வந்தாள். ஆதிமூலம் துண்டால் நெற்றியை நன்றாகத் துடைத்து, மூன்று விரலால் அள்ளி, பட்டையாகப் பூசினார். தருமனிடம் சம்புடம் போனபோது, "நான் காலையிலயே வெச்சிட்டேன்," என்றான். கன்னியம்மாள் குங்குமம் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஆதிமூலம் கண்ணை மூடினார். பல்லி கத்துமா என்று எல்லோரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். பல்லி இருந்தது. அது இவர்களைப் பார்த்தது. கத்தவில்லை. ரேணுகாம்பாள் சாமி படத்துப் பூவைப் பார்த்தாள். அவளே காலையில் நூல் போட்டு இறுக்கிக் கட்டியது. அது எங்கே விழப்போகிறது?

அப்போது கரண்டு போயிற்று.

"இதுகூட உத்தரவா இருக்குமோ?" என்றார் தசரதன்.

"தினம் போறதெல்லாம் உத்தரவா?" என்றார் ஆதிமூலம் கண்ணைத் திறக்காமல்.

புழுக்கம் கூடத்தில் இறங்கியது. தசரதன் பனையோலை விசிறியை எடுத்து ஆதிமூலத்துக்கு வீசப்போனார்.

"வேணாம் மாமா," என்று தருமன் சட்டென்று விசிறியைப் பிடித்துக்கொண்டான். "அப்பாவுக்கு விசிறினா சளி பிடிச்சிக்கும்."

பெற்றவர்மேல் என்ன அக்கறை! ரேணுகாம்பாள் மனசுக்குள் திருஷ்டி கழித்தாள்.

ஆதிமூலத்தின் தலையிலிருந்து ஒரு சொட்டு வேர்வை புறப்பட்டு நெற்றியில் இறங்கியது. இன்னொன்று இறங்கியது. அவர் பெருமூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தார். "சாமி பேசலை," என்று துண்டை உதறினார். "குடும்பம் நல்ல குடும்பம். ஆனா உத்தரவு..."

"அப்பா!" என்றான் தருமன். "உங்க நெத்தி!"

எல்லோரும் பார்த்தார்கள். வெள்ளைப் பட்டை மூன்றும் நீலமாகிக்கொண்டிருந்தன. ஓரத்தில் தொடங்கி நடுவரைக்கும், வேர்வை போகிற வழியெல்லாம் நீலம். மயில் கழுத்து மாதிரி நீலம்.

ரேணுகாம்பாள் சம்புடத்தைப் பார்த்தாள். கிடைத்துவிட்டது! இந்த மனுஷன் விபூதிச் சம்புடத்திலா போட்டு மூடினார்?

தசரதனும் அதையேதான் பார்த்தார். "ரேணு," என்று வாயைத் திறந்தார். அவள் அவர் காலை மிதித்தாள். மூடிக்கொண்டார்.

கன்னியம்மாள் சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக் கணவனிடம் கொடுத்தாள். ஆதிமூலம் பார்த்தார்.

"நான் பூசினது வெள்ளைதானே?"

"வெள்ளைதாங்க," என்றாள் கன்னியம்மாள். "நான் பார்த்தேன்."

"நீலகண்டா!" என்று கூவினார் ஆதிமூலம். "கழுத்துல வெச்சிருக்கறதை என் நெத்தியில காட்டிட்டியே!"

ரேணுகாம்பாள் சம்புடத்தை எடுத்து மூடினாள். சொல்லிவிடலாமா? சாமி பேரால் ஒருவரை ஏமாற்றுவது பாவமில்லையா? சொன்னால், கெட்ட மருந்தை நெற்றியில் பூசினார்கள் என்று எழுந்து போய்விடுவார். சொல்லாவிட்டால்... வேடியப்பனின் முகம் கண்முன் வந்து சீட்டைக் குலுக்கியது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"அண்ணே, அது வந்து... எரியுதுங்களா?"

"லேசா எரியுதும்மா."

"அதான்... கழுவிட்டீங்கன்னா..."

"கழுவறதா? நெத்திக்கண்ணு இருக்கற இடம்மா அது. எரியாமப் போகுமா?" அவர் கண்களில் நீர் வழிந்தது. "சக்கரை இல்லை, உப்பு இல்லை. இப்படி நோன்பு இருக்கற வீட்டுல பேசாம வேற எந்த வீட்டுல சாமி பேசும்? இத்தனை வீடு ஏறி இறங்கினேன். எனக்கு இனிமே ஜாதகமும் வேணாம், சீரும் வேணாம். உங்க பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு. பங்குனியிலயே முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

தசரதன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தப்பித்ததில் அழுகிறாரா, பக்தியில் அழுகிறாரா என்று ரேணுகாம்பாளால் இப்போதும் சொல்ல முடியவில்லை. அவளுக்கே தன்னைப் பற்றி அது தெரியவில்லை. கணவன் செய்த மறதியில் இத்தனை வருஷத்தில் இந்த ஒன்றுதான் நல்லதில் முடிந்திருக்கிறது. ஒருவேளை சாமியே அவர் கையைப் பிடித்து அந்தச் சம்புடத்தில் போட வைத்ததோ என்னவோ!

"சம்பந்தி," என்று கன்னியம்மாளின் கையைப் பிடித்தாள். அந்த வார்த்தை அவள் வாயிலேயே தித்தித்தது. ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுத்தாள். தட்டு மாற்றினார்கள். சந்திரகலா வெட்கப்பட்டுத் தூணோரம் நின்றாள். அவள் ஒரு தடவைகூடத் தருமனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணும் பையனுமா என்று ஆதிமூலம் நீல நெற்றியோடு பூரித்துப்போனார்.

"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இன்னும் பார்க்கவே இல்லையே," என்று சிரித்தார். "ஏம்மா, நிமிந்து மாப்பிள்ளையைப் பாரு. முன்ன பின்ன பார்த்திருந்தா வெக்கம் இருக்காது. முதத் தடவையில்ல?"

கொல்லைக் கதவு கிரீச்சிட்டது. புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு மண்ணாங்கட்டி கூடத்து வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு காலி டப்பா. மூடி போட்டது. உள்ளே இருந்த கூட்டத்தைக் கண்டு கூச்சப்பட்டு, டப்பாவை ரேணுகாம்பாளிடம் நீட்டினான்.

"அண்ணி, ஜன்னல்ல அண்ணன் பொரிச்சு வெச்சிருந்த துத்தத்தைக் காலையிலயே பூராவும் மாட்டுக் காலுக்குப் போட்டு முடிச்சிட்டேன், இந்தாங்க டப்பா; இன்னும் கொஞ்சம் வேணும்னா, நேத்து கொல்லைப் படலாண்ட நின்னு பாப்பாவுக்கு ஒரு பொட்டலம் பொரிச்ச துத்தம் குடுத்தாரே, இதோ உக்காந்திருக்கற இந்தத் தம்பி, அவருகிட்டயே கேட்டு வாங்கிக்கட்டுமா?"